தபாலட்டைகள் வளர்த்த பாட்டு: திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து ஒரு குரல்

தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவரைக் குறிக்க இன்றைய பேச்சுத் தமிழில் வசதியான ஒரு சொல் இல்லை. கர்நாடக இசைக்காரர்கள் வாக்கேயகாரர் என்பார்கள். ஆனால் கிற்றாருடன் மேடையேறும் ஓர் இளைஞரை வாக்கேயகாரர் என்று அறிவிப்பாளர் அழைத்தால் சபையில் சிரிப்பொலி எழும். சொல் இல்லாமற் போனதற்குச் சினிமா ஒரு காரணம். கவிஞர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், பாடகர் ஒருவர், திரையில் வாயசைப்பவர் வேறொருவர் என்று பாட்டை நான்காகப் பங்கிட்டுக் கேட்டே நமது காது பழகிவிட்டது. தேவாரம் பாடியவர்களுக்கு இந்தப் பங்கீடு தெரியாது. ஊர் ஊராகச் சென்று, அந்தந்த ஊருக்குத் தாமே பாட்டுக்கட்டித் தாமே பாடியவர் திருஞானசம்பந்தர். அவர் பாடிய ஊர்களுள் திருக்கோணமலையும் ஒன்று. கடலைக் கடந்து அவர் இங்கு வரவில்லை என்பதும், இராமேசுவரத்தில் நின்றபடியே கோணேசரைப் பாடினார் என்பதும் மரபு.

சுமார் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளின் பின்னர் அதே திருகோணமலையிலிருந்து எம். பி. பரமேஷ் என்ற இளைஞரின் பாட்டு வானொலி வழியாகப் புறப்பட்டது. ‘உனக்குத் தெரியுமா’ என்று தொடங்கும் அந்த மெல்லிசைப் பாட்டை ஐம்பது வயதைக் கடந்த ஈழத்தமிழர் பலர் இன்றும் முணுமுணுப்பார்கள். பாடியவர் யார் என்று கேட்டால் அவர்களில் ஒரு பகுதியினர் விழிப்பார்கள். பாட்டு நிலைத்து, பாட்டைக் கட்டியவரின் பெயர் மங்கிப்போன இந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

முதலில் ஊரைப் பற்றி.

திருகோணமலையைக் கோயில் ஊர் என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதி ஊரையே பார்க்கிறார்கள். உட்துறைமுகத்தை ஒட்டிய ஊர் வேறொரு ஊர். பிரித்தானியக் கடற்படையின் கீழைத்தேயத் தளங்களுள் ஒன்றாக அது நெடுங்காலம் இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு வீசும் அளவுக்கு அந்தத் துறைமுகம் பெறுமதி வாய்ந்ததாகக் கருதப்பட்டது. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை, கப்பற் பட்டறையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகியோரோடு பறங்கியரும் வாழ்ந்த ஊர் அது. போர்த்துக்கேயம் கலந்த தங்கள் வீட்டு மொழியை இலங்கையில் இறுதிவரை விடாமல் பேசிவந்த பறங்கியர்கள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலுமே இருந்தார்கள். கலியாண வீடுகளில் வயலின், கிற்றார் சகிதம் அவர்கள் ஆடிய கப்ரிஞ்ஞா ஆட்டத்தின் தாளமே பைலாவுக்கு ஒரு வேர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோணேசர் கோயிலை இடித்துத் தள்ளிய போர்த்துக்கேயர், போகும்போது ஒரு தாளத்தை விட்டுச் சென்றார்கள். வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது. கோயிலின் நாதஸ்வரமும், தேவாலயத்தின் ஓர்கனும், பறங்கியர் வீட்டுக் கிற்றாரும் கூப்பிடு தூரத்தில் ஒலித்த ஊரில் ஓர் இளைஞன் மெல்லிசைக் குழு அமைப்பது வியப்புக்குரியதல்ல. பரமேஷ் தம் சகோதரருடன் சேர்ந்து நடத்திய குழு ‘பரமேஷ்-கோணேஷ்’ என்றே அறியப்பட்டது. கோணேசரின் ஊர் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

குழு அமைப்பது ஒன்று, ஊரைத் தாண்டிக் கேட்கப்படுவது வேறொன்று. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அன்று ஒரு தமிழ்ப் பாடகருக்கு அந்தத் தூரத்தைக் கடக்க இருந்த பாலம் இலங்கை வானொலி ஒன்றுதான். அந்தப் பாலத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று தேர்வுக்குழு. மற்றது நேயர்களின் தபாலட்டை.

தேர்வுக்குழு என்னும் வாசலின் இயல்பைப் புரிந்துகொள்ளச் சிங்கள இசையுலகில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1952இல் வானொலிக் கலைஞர்களைத் தரம்பிரிப்பதற்காக லக்னோவிலிருந்து பேராசிரியர் எஸ். என். இரத்தஞ்சங்கர் அழைத்து வரப்பட்டார். வட இந்திய இராக சங்கீதமே அவரது அளவுகோல். தாமே மெட்டமைத்துத் தாமே பாடிப் பெரும் புகழ் பெற்றிருந்த சுனில் சாந்த அந்தத் தேர்வுக்கு அமர மறுத்தார். நாட்டின் இசை நாட்டின் மொழியிலிருந்து பிறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. விளைவு, வானொலி அவருக்கு மூடிக்கொண்டது. நாடறிந்த பாடகர் ஒருவர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் நிலைக்கு வந்தார். 1960களின் பிற்பகுதியிலேயே நிலையம் அவரை மீண்டும் அழைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய பாட்டை உயிரோடு வைத்திருந்தவர்கள் அதைப் பாடிக்கொண்டே இருந்த சாதாரண மக்கள்தான்.

இரண்டாவது வாசல் விசித்திரமானது. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் தன் பக்கம் இழுத்தது. இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு அப்போதைய அமைச்சர் கேஸ்கர் கதவடைத்தது கொழும்புக்கு வாய்ப்பாயிற்று. 1952 இறுதியில் அமீன் சயானியின் குரலில் தொடங்கிய இந்தி ‘பினாக்கா கீத்மாலா’வுக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில், ஜும்ரி தலையா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அபிரகச் சுரங்கங்கள் உள்ள ஊர். அந்த ஊர் இந்தியா முழுவதும் அறியப்பட்டதற்குக் காரணம் அபிரகமல்ல. அங்கிருந்து வானொலிக்கு எழுதப்பட்ட விருப்பப் பாடல் அட்டைகள்தான்! ஓர் ஊர் கூடி அட்டை எழுதினால் நாடே அந்த ஊரின் பெயரைக் கேட்கும் என்பதை அந்த மக்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

தமிழ்ச் சேவையிலும் இதுவே நடந்தது. எஸ். பி. மயில்வாகனன் தொடங்கி பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா வரை அறிவிப்பாளர்களே நட்சத்திரங்களாக விளங்கிய காலம் அது. நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்பாக வாசிக்கப்படும் பெயர்ப்பட்டியலுக்கென்றே தனி இரசிகர்கள் இருந்தனர். ஊர்ப்பெயர், வீட்டுப்பெயர், அக்கா, தம்பி, மாமா, மச்சாள் என்று நீண்டுசெல்லும் பட்டியல். ஒரு பாட்டைக் கேட்டு எழுதுவதென்றால் தபாலட்டை வாங்க வேண்டும், கையெழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும், தபாற் கந்தோருக்கு நடக்க வேண்டும், பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திருகோணமலையிலிருந்து அந்த அட்டை இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போகும். பத்திரிகைக் கந்தோரில் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் பழகியவன் என்ற வகையில் எனக்கு ஒன்று தெரியும். இவ்வளவு சிரமப்பட்டு ஒருவர் எழுதுகிறார் என்றால், அவர் பின்னால் எழுத நினைத்தும் எழுதாத ஐம்பது பேர் இருக்கிறார்கள். நிலையத்தாரும் இந்தக் கணக்கை அறிந்தே இருந்தார்கள்.

இந்த அட்டைகளில் மிகப் பெரும்பாலானவை தமிழகத் திரைப்பாடல்களுக்கு வந்தவை. இதை மறைப்பதற்கில்லை. ஈழத்துப் பாடகர் ஒருவரின் பாட்டை விரும்பிக் கேட்பதற்கு முதலில் அது இசைத்தட்டில் இருக்க வேண்டும். இங்கேதான் முடிச்சு. சிங்களப் பாடகர்களுக்கென இசைத்தட்டுச் சந்தை ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1960களின் இறுதியில் ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரிய’ நிறுவனம் இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தது. கிளரன்ஸ் விஜேவர்தன தாமே பாட்டுக் கட்டி ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவோடு வந்தபோது, விஜய கொரேயா போன்ற வானொலி அறிவிப்பாளர் அவரைத் தூக்கி நிறுத்தினார். தமிழில் அத்தகைய நிறுவனம் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து ஆயத்தமாக வந்திறங்கும் திரை இசைத்தட்டுகளை விற்பது சுலபம். உள்ளூர்த் தமிழ்ப் பாடகரைப் பதிவு செய்து விற்பது ஆபத்து. வியாபாரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் கணக்கு அவர்களுக்கு.

இந்தச் சூழலில்தான் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரமேஷின் இசைத்தட்டு வெளிவந்தது. இலங்கையில் வெளியான முதலாவது தமிழ் இசைத்தட்டு என்று அது போற்றப்படுகிறது. ‘முதல்’ என்ற சொல்லைக் கண்டால் என் போன்றவர்களுக்கு இயல்பாகவே ஓர் ஐயம் எழும். எவரேனும் ஒருவர் எங்கிருந்தோ ஒரு பழைய தட்டைக் கொண்டுவந்து நீட்டக்கூடும். அது நடந்தாலும் இந்தத் தட்டின் முக்கியத்துவம் குறையாது. கொழும்பில் அல்ல, யாழ்ப்பாணத்திலும் அல்ல, கிழக்குக் கரைத் துறைமுக நகரொன்றில் வாழ்ந்த இளைஞர், திரைப்படம் எதுவும் பின்னால் இல்லாமல், தம்முடைய சொந்தப் பாட்டைத் தட்டில் ஏற்றி அதை வானொலி வரை கொண்டுபோனார். தட்டு கையில் இருந்தால்தான் அறிவிப்பாளர் சுழலவிட முடியும். சுழன்றால்தான் நேயர் கேட்பார். கேட்டால்தான் அட்டை எழுதுவார். இந்தச் சங்கிலியின் முதற் கண்ணியைத் தமிழில் பாடகர் தாமே அடித்துச் செய்ய வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டின் இயல்பையும் கவனிக்க வேண்டும். அதே காலப்பகுதியில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரும் கையுமாக ‘சின்ன மாமியே’ பாடிக்கொண்டிருந்தார். அவரும் தாமே எழுதித் தாமே மெட்டமைத்துப் பாடியவர்தான். நண்பர்கள் கூடுமிடங்களில் பாடப்பட்டு, வாய்வழியாகப் பரவி, ஊர்ப் பொதுச்சொத்தாகிய பாட்டு அது. ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யோடு வந்தார். தமிழும் சிங்களமும் கலந்த அந்தப் பாட்டு கடல் தாண்டிற்று. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் பாடியபோது தமிழகமே ஆடியது. பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று இரசிகர்கள் அழைத்த மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இவ்விருவரின் புகழ்பெற்ற பாடல்கள் பகிடிப் பாட்டுகள். கேட்டவர் சிரிப்பார், கைதட்டுவார், கூடவே பாடுவார். பகிடிக்குச் சிபாரிசு தேவையில்லை, அது தன் காலிலேயே நடந்துவிடும். பரமேஷின் பாட்டோ அடங்கிய குரலில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் காதல் பாட்டு. தமிழ்த் திரையில் டி. எம். சௌந்தரராஜனும் பி. பி. ஸ்ரீநிவாஸும் நிரப்பி வைத்திருந்த இடத்தில், திரைக்கு வெளியே நின்று ஒருவர் காதல் பாடுவது எத்தனை துணிச்சலான காரியம்! என் மதிப்பீட்டில் மூவரில் கடினமான பாதை அவருடையதே.

1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் ஈழத்துக் கலைகளுக்கு உரமாயின என்று விமர்சகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் தடையும் தட்டுப்பாடும் ஏற்பட்டதால் உள்ளூர் எழுத்துக்கும் படத்துக்கும் இடம் கிடைத்தது உண்மை. ‘குத்துவிளக்கு’ 1972இல் வெளியானது அந்தச் சூழலில்தான். ஆனால் பாட்டைப் பொறுத்தவரை இந்த விளக்கம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. கப்பலில் வரும் சஞ்சிகையைத் தடுக்கலாம், அதே வானொலியில் நாள்தோறும் ஒலித்த இந்தியத் திரைப்பாடல்களை எவரும் தடுக்கவில்லை. போட்டி அப்படியே இருந்தது. அந்தப் போட்டிக்கு நடுவிலும் ஈழத்துப் பாட்டு வேண்டும் என்று கேட்ட நேயர்கள் இருந்தார்கள் என்பதுதான் செய்தி. மெல்லிசைப் பாடல் என்ற பெயரில் நிலையம் தானே உள்ளூர்க் கலைஞர்களைக் கொண்டு பாடல்களைத் தயாரித்ததற்கும் அந்தக் கேள்வியே ஊக்கம்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கடைத்தெருக்களில் கசற் குவிந்தது. 1979இல் தொலைக்காட்சி வந்தது. இவை மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். 1983 யூலைக்குப் பிறகு திருகோணமலையில் வீடுகள் எரிந்தன. ஊரை விட்டு ஓடுகிறவர் பிள்ளையைத் தூக்குவார், நகையை முடிவார், உறுதிப் பத்திரத்தை எடுப்பார். இசைத்தட்டை எவர் எடுப்பார்? பாடகரும் புலம்பெயர்ந்து ஜெர்மனிக்குச் சென்றார். அங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1984இல் ஜெர்மனியின் டொய்ச்சே வெல்லே வானொலி, திருகோணமலைக்கு வடக்கே கடற்கரையோரமாகத் தன் அஞ்சல் நிலையத்தை நிறுவி ஆசியாவுக்கு ஒலிபரப்பத் தொடங்கியது. ஜெர்மானியரின் குரல் திருகோணமலையிலிருந்து உலகுக்குப் போயிற்று. திருகோணமலையின் குரல் ஜெர்மனியில் போய் ஒதுங்கிற்று. அந்த நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது.

புலம்பெயர்ந்த வீடுகளில் பாட்டு சாகவில்லை. கசற்றிலிருந்து கசற்றுக்குப் பிரதி எடுக்கப்பட்டு, இரைச்சல் கூடி, உயர்சுரங்கள் தேய்ந்து, ஆனாலும் கேட்கப்பட்டது. லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று தமிழ் வானொலிகள் முளைத்தபோது மீண்டும் விருப்பப் பாடலாகத் தலைகாட்டியது. பரமேஷின் மகள் பிரபாலினி பிரபாகரன் இசையமைப்பாளராகப் பெயர் பெற்றபோது, தந்தையின் பெயரும் மறுபடி உச்சரிக்கப்பட்டது. இத்தனைக்கும் அரச நிறுவனமோ பல்கலைக்கழகமோ காரணமல்ல. அன்று அட்டை எழுதியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள்.

கசற் பிரதிகளில் ஒரு குறை உண்டு. பிரதி எடுத்தவர் பாட்டின் முதலடியை மட்டும் மட்டையில் எழுதினார். யார் எழுதியது, யார் இசை, யார் வாத்தியம் என்பதெல்லாம் முதற் பிரதியோடு நின்றுபோயின. இலங்கை வானொலியின் பழைய அறிவிப்பாளர்கள் இந்த விடயத்தில் கண்டிப்பானவர்கள். படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் எனச் சொல்லிய பிறகே ஊசி தட்டில் இறங்கும். இரசிகரின் சிபாரிசு பாட்டைக் காப்பாற்றும். பெயரைக் காப்பாற்றும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக அண்மைய உதாரணம் ஒன்று. 2021இல் இரண்டு பாட்டுகள் கைபேசி வழியாக உலகைச் சுற்றின. ஒன்று கொழும்பைச் சேர்ந்த யொஹானி பாடிய சிங்களப் பாட்டு ‘மெனிக்கே மகே ஹிதே’. மற்றது ‘எஞ்சாய் எஞ்சாமி’. இரண்டாவது பாட்டை எழுதித் தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அந்த வரிகளை அவர் எடுத்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அந்தப் பாட்டின் பெயர் இருந்தது, அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகே அறிவுக்கெனத் தனியாக ஓர் அட்டை வெளியிடப்பட்டது. கோடிக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றால், நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எரிந்த ஊரின் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வேறுபாடு என்னவென்றால், அறிவுக்காகக் குரல் கொடுக்கச் சிலர் உடனே இருந்தார்கள், சான்றும் கையில் இருந்தது.

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, பெற்றோர் வீட்டிலோ, பரணிலோ, நிலவறையிலோ 1960, 70களில் இலங்கையில் வெளியான தமிழ் இசைத்தட்டு ஏதேனும் கிடந்தால், அது சுழலுமா என்று பார்ப்பதற்கு முன்னர் அதன் நடுவே ஒட்டியிருக்கும் வட்டத்தாளைப் படம் எடுத்து வையுங்கள். உறை இருந்தால் அதன் பின்புறத்தையும். பாட்டை எவரேனும் எங்கேனும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுதியவர், இசையமைத்தவர், பதிவு செய்த இடம், ஆண்டு ஆகியவை அந்த வட்டத்தாளில்தான் இருக்கின்றன.